கரட்டுப்பட்டி வழியாக நடந்தோம்

போன வாரம் பெரிய கடைவீதியில் குடைக்குக் கைப்பிடி மாற்றிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். கண்ணாடி, கையில் டிபன் கேரியர், சட்டைப் பையில் இரண்டு பேனா.

"அம்மா, நீங்கதானே வாரா வாரம் எழுதுறவங்க?"

ஆமாம் என்று நான் தலையாட்டுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"வருஷா வருஷம் பொங்கல் முடிஞ்சா காட்டைப் பத்தி எழுதுவீங்களே... அருவி, மயில், நெல்லிக்காய்னு. ஆனி மாசமே வந்தாச்சு. ஒரு வரியக் காணோம். என்ன ஆச்சு?"

"இந்த வருஷம் நாங்க காட்டுக்குப் போகலைங்க."

"ஏன், புலி கிலி வந்துடுச்சா?"

"புலி இல்லைங்க. ஒரு மாட்டுத் தரகர் வந்துட்டார்."

அவர் பெரிதாகச் சிரித்தார். நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே டவுன் பஸ்ஸையும் பிடித்துவிட்டார். அவருக்குச் சொல்ல முடியாமல் போனதை உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. திருச்சி, ஸ்ரீரங்கத்துக்காரர்கள் இருபது பேருக்கு மேல் சேர்ந்து நாங்கள் ஒரு நடைக் கூட்டம் வைத்திருக்கிறோம். ரெயில்வே ஆபீஸ் ஆசாமிகள், இரண்டு நர்ஸுகள், ஒரு ஜவுளிக்கடைக்காரர், நான், என் வீட்டுக்காரர் என்று கலந்துகட்டிய கூட்டம். ஒவ்வொரு தை மாதமும் பொங்கல் முடிந்த கையோடு கிளம்புவோம். அம்மா மண்டபத்தில் ஒரு முழுக்கு. காவிரிப் பாலம், திருச்சி டவுன், அப்புறம் திண்டுக்கல் ரோட்டில் மணப்பாறை வரை நடை. அதற்கப்பால்தான் எங்கள் சொர்க்கம். தார் ரோட்டை விட்டு இறங்கி மலையடிவாரக் காட்டுக்குள் நுழைந்துவிடுவோம். உள்ளே ஒரு சுனை. அதற்கு மேலே, மழை நன்றாகப் பெய்த வருஷம் பிரமாதமாகவும் பெய்யாத வருஷம் பிரார்த்தனை செய்துகொண்டும் பார்க்க வேண்டிய ஒரு அருவி. காட்டின் மறுபக்கம் ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே பாசஞ்சர் ரெயிலைப் பிடித்து வீடு வந்து சேர்வோம்.

எதற்காக நடக்கிறோம்? சும்மாதான்.

இந்த 'சும்மா'வை நம்புகிற ஜனங்கள் நம் ஜில்லாவில் இன்னும் பிறக்கவில்லை. வழியெல்லாம் ஒரே கேள்வி: "எந்தக் கோயிலுக்குங்க?" கோயிலுக்கு இல்லை என்றால், "வேண்டுதலா?" அதுவும் இல்லை என்றால், முகத்தில் ஒரு பரிதாபம் வரும். பஸ்ஸுக்குக் காசில்லாத பெரிய மனிதர்கள் போலிருக்கிறது என்று நினைத்து ஒரு அம்மாள் எங்களுக்குக் கூழ் ஊற்றிய கதையை ஏற்கெனவே எழுதியிருக்கிறேன்.

எங்கள் தலைவர் ப்ரொஃபஸர் ரங்காச்சாரி. காலேஜில் தாவரவியல் சொல்லிக் கொடுப்பவர். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் வீடு. நெற்றியில் திருமண், தலையில் பச்சை நிறத்தில் ஒரு வெயில் தொப்பி. அந்தக் காட்டு வழியைக் கண்டுபிடித்ததே அவர்தான். எட்டு வருஷமாக அரிவாளும் கையுமாக ஒவ்வொரு தையிலும் புதரை விலக்கி விலக்கி அதைப் பாதையாக வைத்திருப்பவரும் அவர்தான். அந்த அருவியைப் பற்றிப் பேசும்போது அவர் குரல், பெருமாளைப் பற்றிப் பேசும்போது இருப்பதைவிட ஒரே ஒரு படிதான் கீழே இறங்கும்.

போன மார்கழியில், வழக்கம்போல அவர் வீட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டிருந்தோம். எந்தத் தேதி கிளம்புவது, யார் ஸ்டவ் தூக்குவது என்று பேச்சு. அப்போது வாசலில் ஒரு குரல்.

"பச்சைத் தொப்பி ஐயா வீடு இதுங்களா?"

எட்டிப் பார்த்தோம். நாற்பது வயசிருக்கும். கறுத்து உயர்ந்த உடம்பு, முறுக்கிய மீசை, தோளில் பெரிய துண்டு. கையில் ஒரு பை நிறைய வேர்க்கடலை. பேர் வீரமலை. மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகர். முந்தின வருஷம் சந்தைப் பக்கம் நாங்கள் டீ குடித்தபோது எங்களோடு பேச்சுக் கொடுத்திருக்கிறார். எங்களுக்கு நினைவில்லை. அவருக்கு நினைவிருந்தது. அட்ரஸ் தெரியாமல் ஸ்ரீரங்கத்தில் வந்து இறங்கி, பச்சைத் தொப்பி என்று கேட்டே வீட்டைப் பிடித்துவிட்டார்.

"உள்ளே வாங்கோ. என்ன சமாச்சாரம்?" என்றார் ப்ரொஃபஸர்.

"ஒண்ணுமில்லைங்க. இந்த வருஷம் நீங்க எங்க ஊரு வழியா நடக்கணும்."

கூடத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"உங்க ஊரு எது?"

"கரட்டுப்பட்டிங்க. மணப்பாறை தாண்டி நீங்க காட்டுக்கு இறங்குற எடத்துல, காட்டுப் பக்கம் திரும்பாம இந்தப் பக்கம் திரும்பினா வரும்."

"அங்கே என்ன இருக்கு?"

தரகர் அல்லவா? ஒரு நொடி யோசித்தார். சுழி சரியில்லாத மாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு சங்கடம் முகத்தில் தெரிந்தது. பிறகு சொன்னார்: "பொய் சொல்லி விக்க மாட்டேங்க. ஒண்ணும் இல்லை. கல்லு இருக்கு. முள்ளு இருக்கு. வெயில் நெறைய இருக்கு."

நர்ஸுகள் இருவரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். வீரமலையும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

கரட்டுப்பட்டியிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரு மைல் தூரம் வண்டிப் பாதை இருந்தது. பஸ், கடை, ஆஸ்பத்திரி, பெரிய ஸ்கூல் எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. அந்தப் பாதை போகிற நிலத்தைச் சில வருஷங்களுக்கு முன்னால் பொன்னுச்சாமி என்பவர் வாங்கினார். கிணறு வெட்டினார். முள்ளைப் போட்டுப் பாதையை அடைத்துவிட்டார். அன்றிலிருந்து ஊரே ஏரிக்கரையைச் சுற்றிப் போகிறது. மூன்று மைலுக்கு மேல். நடுவே ஒரு ஓடை வேறு. மழைக்காலத்தில் அதைத் தாண்ட முடியாது.

"என் சம்சாரத்துக்கு வலி எடுத்தப்ப ஐப்பசி மாசம். வண்டி ஓடைக்கு இந்தப் பக்கமே நின்னுபோச்சு. வண்டியிலயே பொறந்துச்சு. நல்லபடியா ஆச்சு, ஆத்தா காப்பாத்தினா. எல்லாருக்கும் அப்படி ஆவுமா சொல்லுங்க? மூத்தவ அஞ்சாவது முடிச்சிட்டு வீட்டுல உக்காந்திருக்கா. பெரிய ஸ்கூலு ரோட்டு மேல இருக்கு. எப்படி அனுப்புறது?"

"பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் சொல்றதுதானே?" என்றார் என் வீட்டுக்காரர். எந்தப் பிரச்சினைக்கும் ஒரு ஆபீஸ் உண்டு என்று நம்புகிற ரெயில்வே குமாஸ்தா அவர்.

"சொன்னோங்க. அப்படி ஒரு பாதையே கெடையாதுன்னுட்டாங்க. யாரும் நடக்கலை, அதனால பாதை இல்லை. பாதை இல்லை, அதனால யாரும் நடக்க முடியலை." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நாங்க நடந்தா அத்துமீறி நுழையுறோம்ங்கிறாரு. ஷூ போட்டவங்க, இங்கிலீசு பேசுறவங்க நீங்க நடந்தா அது பாதைங்க. ஒருக்கா நடந்து குடுத்தீங்கன்னா போதும்."

வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கீழே வைத்துவிட்டார்கள்.

ப்ரொஃபஸர்தான் பேசினார். "உங்க கஷ்டம் புரியறது. மனசுக்கு ரொம்ப ச்ரமமா இருக்கு. ஆனா நாங்க நடக்கறவா. பஞ்சாயத்து பண்றவா இல்லே. இன்னொண்ணும் சொல்லணும். ஒரு வருஷம் நாங்க போகலேன்னா அந்தக் காட்டு வழி புதர் மூடிப் போயிடும். எட்டு வருஷ உழைப்பு ஓய் அது!"

வீரமலை எழுந்து வந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து ப்ரொஃபஸரின் வலது கையின் மேல் போட்டார். சந்தையில் விலை பேசுகிற வழக்கம் அது. துண்டுக்குள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம் நடக்கும், வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ப்ரொஃபஸர் திகைத்துப்போய்க் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன பண்றீர்?"

"ஒரு வெரலைத்தான் புடிச்சிருக்கேங்க. ஒரு நாள். உங்க நாலஞ்சு நாள்ல ஒரே ஒரு நாள்."

அவர் போன பிறகு என்ன சண்டை என்கிறீர்கள்! எங்கள் லீவுக் கணக்கில் காடு, கரட்டுப்பட்டி இரண்டுக்கும் இடமில்லை. அருவி இல்லாமல் நடப்பதற்கு மெஷின் மாதிரி மைதானத்தைச் சுற்றலாமே என்றார் ஜவுளிக்கடைக்காரர். பிரசவ வார்டில் வேலை பார்க்கிற நர்ஸ் மேரி, ஓடைக்கரையில் வண்டிக்குள் பிரசவம் என்றால் என்ன என்று உங்களுக்கெல்லாம் தெரியுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தெரியாது என்று அவரே சொன்னார். வேறொருவரின் நிலத்தகராறில் நாம் போய் மூக்கை நுழைப்பதா என்று இன்னொரு கட்சி. கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அந்த அருவி வேண்டும். வருஷம் பூராவும் பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவளுக்கு அந்தச் சுனையில் காலை விட்டுக்கொண்டு உட்கார்கிற அரைமணி நேரம் எத்தனை பெரிய சொத்து! ஆனாலும் மேரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கையைத் தூக்காமல் இருக்க முடியவில்லை. என் வீட்டுக்காரரும் தூக்கினார். புதிய வழியில் மெயின் ரோட்டு ஓரம் காபி கிடைக்கும் என்பதுதான் காரணம் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். இரண்டே கை வித்தியாசத்தில் கரட்டுப்பட்டி ஜெயித்தது. ப்ரொஃபஸர், "பகவத் ஸங்கல்பம்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே எழுந்து போய்விட்டார்.

தை வந்தது. கிளம்பினோம். எப்போதும் முன்னால் போகிற பச்சைத் தொப்பி இந்தத் தடவை கடைசியில் வந்தது. யாரோடும் பேச்சில்லை. வழியோரச் செடிகளைக்கூட அவர் பார்க்கவில்லை. மணப்பாறையில் சத்திரத்தில் தங்கினோம். மறுநாள் காலையில் எங்கள் பழைய வழி பிரிகிற இடம் வந்தது. இடது கைப் பக்கம் மலை நீலமாகத் தெரிந்தது. அடிவாரத்தில் பனி இன்னும் கலையவில்லை. ப்ரொஃபஸர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். அப்போதுகூட அவர், "நான் அந்தப் பக்கம் போறேன்" என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் அவர் பின்னால் போயிருப்பார்கள். நானும் ஒருத்தியாக இருந்திருக்கலாம்.

ஆனால் அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வலது பக்கம் திரும்பினார்.

வீரமலை எங்களுக்காகக் காத்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கல்யாண வீட்டில் பெண் வீட்டுக்காரர் நிற்கிற மாதிரி நின்றார். அவர் பொய் சொல்லி விற்கவில்லை என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. கல் இருந்தது. முள் இருந்தது. ஒரு நிழல் கிடையாது. ஒட்டகம்கூட வேறு வழி பார்த்துக்கொண்டு போகும். ஜவுளிக்கடைக்காரர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கை தூக்கியவர்கள் யார் யார் என்று அவர் மறக்கவில்லை.

பிறகு வேலி வந்தது.

ஆள் உயரத்துக்குக் கருவேல முள். அதற்கு அந்தப் பக்கம் பொன்னுச்சாமி. முரடராக இருப்பார், கம்போடு நிற்பார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனோம். பார்த்தால், ஐம்பது வயதில் ஒல்லியாக ஒரு மனிதர். கால் முழுக்கச் சேறு. எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். ப்ரொஃபஸரின் நெற்றியைப் பார்த்தார், மூட்டை முடிச்சுகளைப் பார்த்தார்.

"வாங்க சாமி, வாங்க. பழனிக்கா? வழி மாறிட்டீங்க போலருக்கே. இருங்க, ஆளைவிட்டு முள்ளை இழுத்துப் போடச் சொல்றேன். சாமிக்கு நடக்குறவங்களை மறிச்சா எனக்குல்ல பாவம்? இன்னைக்கு ஒரு நாளைக்குப் போய்க்கங்க."

எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது! வீரமலையின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. நாங்களும் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டோம். என் வீட்டுக்காரர், "முருகா!" என்று ஒரு குரல்கூடக் கொடுத்துவிட்டார்.

அப்போது பின்னாலிருந்து ப்ரொஃபஸர் முன்னே வந்தார்.

"நாங்க கோயிலுக்குப் போகலே."

பொன்னுச்சாமி கும்பிட்ட கையை இறக்கவில்லை. "அப்புறம் எங்கங்க?"

"எங்கேயும் இல்லே. இந்த வழியா நடக்கறோம். இன்னிக்கு நடப்போம். அடுத்த வருஷமும் நடப்போம். நடுவிலே இந்த ஊர் ஜனங்கள் தினமும் நடப்பா."

"இந்த மனுஷனுக்கு ரங்கநாதர் வாயை எதுக்குக் கொடுத்தார்?" என்றார் என் வீட்டுக்காரர், என் காதில்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. நிமிஷத்தில் கடந்து போயிருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பழனிக்குப் போகிறோம் என்று சொல்லிக் கடந்திருந்தால் வேலி யாருக்குத் திறந்திருக்கும்? முருகனுக்குத் திறந்திருக்கும். எங்கள் முதுகுக்குப் பின்னால் மறுபடி மூடியிருக்கும். ஸ்கூலுக்குப் போகிற பெண்ணுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டிக்கும் அது திறந்ததாகாது. இதையெல்லாம் நான் இப்போது நிதானமாக மேஜை முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். ப்ரொஃபஸருக்கு அந்த இடத்திலேயே தெரிந்திருந்ததா, இல்லை அவருக்கு வெறுமனே பொய் சொல்ல வராதா? கேட்டேன். பேச்சை அருவிப் பக்கம் திருப்பிவிட்டார்.

பொன்னுச்சாமியின் பார்வை எங்களைத் தாண்டி வீரமலை மேல் விழுந்தது. முகம் இறுகிவிட்டது.

"ஓகோ. நீ கூட்டிட்டு வந்த ஆளுங்களா? அப்படின்னா ஏரிக்கரையைச் சுத்திப் போங்க. இங்க வழி இல்லை."

வீரமலை தளர்ந்துபோனார். "வேண்டாங்க சாமி. வம்பு வேண்டாம். உங்களுக்குத்தான் வீண் அலைச்சல். திரும்பிடலாம்."

"திரும்பறதா?" ப்ரொஃபஸர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "காட்டை விட்டுட்டு வந்திருக்கேன். அருவியை விட்டுட்டு வந்திருக்கேன். ஒரு கட்டு முள்ளுக்காகவா திரும்புவேன்?"

சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த பாறை மேல் உட்கார்ந்துவிட்டார். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்! கை தூக்கிய நாங்கள் என்ன செய்வது? நாங்களும் உட்கார்ந்தோம். ஜவுளிக்கடைக்காரர் குடையை விரித்து ப்ரொஃபஸருக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

வெயில் ஏறியது. பொன்னுச்சாமி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாய்க்கால் வெட்டினார். நடுநடுவே திரும்பிப் பார்த்தார். நாங்கள் போகவில்லை. சண்டையும் போடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம். சத்தம் போடுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். நாகரிகமாக வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இருபது பேரை என்ன செய்வது?

கடைசியில் அவர் மனைவி வந்தார். இடுப்பில் ஒரு பானை மோர். வேலி இடுக்கு வழியாக ஒவ்வொரு சொம்பாக நீட்டினார். கணவரைப் பார்த்து, எங்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்: "வெயில்ல உக்காந்திருக்காங்க. பொம்பளைங்க வேற இருக்காங்க. என்ன ஏதுன்னு பேசி அனுப்புங்க. பேசினா ஒண்ணும் கொறைஞ்சிர மாட்டீங்க."

அவர் பேசினார். பேசியதும் எங்களுக்கு முகம் விழுந்துவிட்டது.

"நான் என்ன வேணும்னா அடைச்சேன்? இந்தக் கரட்டுல எலுமிச்சை வெக்கப்போறேன்னப்ப ஊரே சிரிச்சுது. ஒவ்வொரு கன்னுக்கும் கொடத்துல தண்ணி சொமந்து ஊத்தினோம், நானும் இவளும். பாதை வழியா வந்த ஆடு மொத்தத்தையும் மேஞ்சிருச்சு. மறுபடி வெச்சேன். மறுபடி மேஞ்சிருச்சு. ஆட்டைக் கட்டுங்க, கட்டுங்கன்னு வீடு வீடாப் போயிச் சொன்னேன். ஒருத்தர் கேக்கலை. வீரமலை, உன் வீட்டுக்கும் வந்தேனா இல்லையா?"

வீரமலை தரையைப் பார்த்தார். "வந்தீங்க. என் ஆடும் மேஞ்சதுதாங்க."

இதை அவர் எங்கள் கூடத்தில் சொல்லவில்லை. தரகர் தரகர்தானே!

ப்ரொஃபஸர் எழுந்தார். வேலிக்கு அருகே போய், முள்ளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் வரிசை வரிசையாக எலுமிச்சை. இடுப்பு உயரம்தான். ஒவ்வொன்றின் காலிலும் கல் அடுக்கிப் பாத்தி.

"இந்தக் கல்லிலேயா இது வளர்றது?" என்றார். "ஓய், நீர் என்ன மனுஷன்!"

பொன்னுச்சாமிக்கு அது திட்டா, பாராட்டா என்று புரியவில்லை. ஆனால் ஏதோ ஒன்று தளர்ந்தது. ஒரு பக்கம் மட்டும் முள்ளை விலக்கி ப்ரொஃபஸரை உள்ளே விட்டார். இருவரும் கன்று கன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது ப்ரொஃபஸர் கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. பொன்னுச்சாமி சொன்னார்:

"நடுவால வழி விட மாட்டேன். கெழக்கு வரப்பை ஒட்டி ஒரு வண்டி போற அகலத்துக்கு விடுறேன். ரெண்டு பக்கமும் முள்ளு இருக்கணும். ஒரு ஆடு உள்ள வந்துச்சு, அன்னைக்கே அடைச்சிருவேன்."

"வராதுங்க!" என்றார் வீரமலை. "வந்தா என்னைக் கேளுங்க."

"உன்னைத்தானய்யா கேப்பேன்."

"யாருங்க வேலி போடுறது?" என்று கேட்டார் ஜவுளிக்கடைக்காரர்.

அதற்குள் வீரமலை ஊர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். அரைமணியில் கரட்டுப்பட்டியே வந்துவிட்டது. அரிவாள், கவைக்கோல், கடப்பாரை. பழைய வேலியைப் பிரித்து முள்ளை இழுத்து இழுத்துக் கிழக்கு வரப்புக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் மட்டும் பார்த்துக்கொண்டா இருப்போம்? மூட்டைகளை ஓரமாக வைத்துவிட்டு இறங்கினோம். கருவேல முள் என்னிடம் மட்டும் தனி அன்பு வைத்திருந்தது போலிருக்கிறது. மேரி ஊக்கால் முள்ளை எடுத்தெடுத்து ஓய்ந்துபோனார். வீரமலையின் மூத்த பெண் எனக்குப் பக்கத்தில் கல் பொறுக்கிப் போட்டுக்கொண்டே வந்தாள். "டீச்சர், ஆறாங்கிளாஸ்ல இங்கிலீசு கஷ்டமா?" என்று கேட்டாள். முள் குத்துகிற அளவுக்குக் கஷ்டமில்லை என்றேன்.

பொழுது சாயும்போது ஊரிலிருந்து ஒரு வண்டி வந்தது. வீரமலையின் மனைவி கைக்குழந்தையோடு அதில் உட்கார்ந்திருந்தார். புது வழியில் மெதுவாக மெயின் ரோடு வரை போய்த் திரும்பி வந்தது. வேறு வேலை ஒன்றுமில்லை. போய் வந்தார்கள், அவ்வளவுதான். வரப்பின் மேல் நின்ற அத்தனை பேரும் தேர் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்றைக்கு நாங்கள் நடந்தது மிஞ்சிப்போனால் மூன்று மைல். எங்கள் கூட்டத்தின் சரித்திரத்திலேயே மிகக் குறைந்த நடை!

பங்குனியில் ப்ரொஃபஸர் தனியாகக் கிளம்பிப் போனார், அரிவாளோடு. காட்டு வழி மூடிப்போய்விடக் கூடாதே என்ற கவலை. தனியாக என்று அவர் நினைத்தார். மணப்பாறையில் வீரமலை சேர்ந்துகொண்டிருக்கிறார். காட்டுக்கு அத்தனை பக்கத்தில் பிறந்தவர், அதுவரை அந்த அருவியைப் பார்த்ததில்லையாம். சந்தை இல்லாத திசையில் நடக்க அவருக்குக் காரணம் இருந்ததில்லை. தண்ணீர் விரலளவுதான் விழுந்ததாம் அப்போது. வீரமலை அதன் கீழே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்று ப்ரொஃபஸர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

ஸ்கூல் திறந்துவிட்டார்கள். கரட்டுப்பட்டியிலிருந்து பெண்கள் கூட்டமாக எலுமிச்சைத் தோட்டத்து வரப்பு வழியாகத்தான் போகிறார்கள். பொன்னுச்சாமி காலையில் அங்கேயே நிற்பாராம். ஆடு வருகிறதா என்று பார்க்க. "இப்ப ஆட்டைப் பாக்குறதை விட்டுட்டாருங்க. 'மணி ஆச்சு, பெல் அடிச்சிருவான், ஓடுங்க'ன்னு எங்க புள்ளைங்களை வெரட்டுறாரு" என்றார் வீரமலை. ஒரு ஆடும் இதுவரை உள்ளே போகவில்லை. போகாது என்று நானும் நம்புகிறேன்... ஆட்டை நம்பி அல்ல, வீரமலையை நம்பி.

எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாம்தான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை என்ன ஆயிற்று தெரியுமா? ஏதோ வேலையாக ப்ரொஃபஸர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி ஒருவர் நின்றார். முகம் தெரியாதவர். மண்ணச்சநல்லூருக்கு அப்பால் ஏதோ ஒரு ஊர். அங்கேயும் ஒரு வழித் தகராறாம். ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவில் யாரோ கம்பி கட்டிவிட்டார்களாம். ஸ்ரீரங்கத்து ஐயா ஒரு தடவை நடந்து கொடுத்தால் நல்லதாம்.

ப்ரொஃபஸர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

"உங்க ஊர்லே மரம் ஏதாவது உண்டோ?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒரு வேப்பமரம் இருக்குங்க."

"ஒண்ணு போறும். உக்காருங்கோ."